கறுத்துப்போன ஏழு சந்துகள்

கட்டட வேலைக்காரர்கள் மத்தியில் அவளுக்குப் பெயர் சந்தக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இல்லாமலில்லை. அது அடையாள அட்டையிலும் அவளுடைய அம்மாவின் வாயிலும் மட்டும் உயிரோடு இருந்தது. டைல்ஸுக்கும் டைல்ஸுக்கும் நடுவில் விடுகிற சந்தை அடைப்பதுதான் அவள் தொழில். அடைக்கிற கலவைக்குக் கிரவுட் என்று பெயர். டைல்ஸ் பதிப்பவர் அவளுடைய வீட்டுக்காரர் மேஸ்திரி. அவர் பதித்துக்கொண்டே முன்னால் போவார், இவள் அடைத்துக்கொண்டே பின்னால் வருவாள். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷமாக இப்படி ஒருவர் பின்னால் ஒருவர் முட்டி போட்டே ஊரில் பாதி வீடுகளைச் சுற்றி வந்துவிட்டார்கள். "எங்க வீட்டுக்காரர் மூஞ்சியவிட முதுகைத்தான் நான் அதிகமா பாத்திருக்கேன்" என்று சொல்லிச் சிரிப்பாள்.

புதுத் தரைக்கு யார் வேண்டுமானாலும் கிரவுட் போடலாம். பாக்கெட்டைப் பிரித்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, ரப்பர் தகட்டால் இழுத்தால் தீர்ந்தது. சந்தக்காவைத் தேடி வருகிற வேலை வேறு ரகம். முப்பது வருஷத்துத் தரையில் பத்து டைல்ஸை எடுத்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருப்பார்கள். டைல்ஸ் பழசுதான், ஆனால் சந்து மட்டும் புத்தம் புதுசாகப் பல்லிளிக்கும். அந்தப் பழைய சந்தின் நிறத்தை அப்படியே பிடித்துக்கொண்டு வருவதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. வெள்ளை சிமெண்ட், சாம்பல் சிமெண்ட், மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று மூன்று சாயப்பொடி, ஒரு டீஸ்பூன். அவ்வளவுதான் அவள் மூட்டை முடிச்சு.

பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்கு அவர்கள் போனது அந்த மாதிரி ஒரு வேலைக்குத்தான். ஒரு மாடிக் கட்டடம். கீழே கிளினிக், மேலே வீடு. நோயாளிகள் காத்திருக்கும் முன்னறையில் நாலு விரல் அகலத்தில் சின்னச் சின்னச் சதுர டைல்ஸ், பழைய தந்தத்தின் நிறம். நடைபாதைச் சுவரில் ஈரம் ஏறியதால் ஒரு பிளம்பர் வந்து தரை நடுவே உடைத்து, மேலாகப் போன தண்ணீர்க் குழாய் ஒன்று கசிவதைக் கண்டு மாற்றிவிட்டுப் போயிருந்தார். உடைந்தவை போக, மேலே பரணில் மிச்சம் கிடந்த டைல்ஸையும் சேர்த்து நாற்பத்தெட்டு டைல்ஸ் மேஸ்திரி பதித்தார். அகலத்தில் ஆறு, நீளத்தில் எட்டு. சந்தை நிரப்ப வேண்டியது பாக்கி.

"கலர் அச்சு அசலா ஒட்டணும் சந்தக்கா" என்றார் டாக்டரம்மா. அவருக்கும் சந்தக்கா வயதுதான் இருக்கும். "வித்தியாசமே தெரியக் கூடாது."

"தரையைப் போய் யாரு டாக்டரம்மா இவ்வளவு உத்துப் பாக்கப் போறாங்க?" என்று மேஸ்திரி கேட்டார்.

"பல் டாக்டர்கிட்ட வர்றவங்க யாராவது நிமிர்ந்து உக்காந்து பாத்திருக்கீங்களா? கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, அரை மணி நேரம் இந்தத் தரையைத்தான் பாப்பாங்க. உள்ள மெஷின் சத்தம் கேக்குறப்போ டைல்ஸை எண்ணுவாங்க. ஒரு ஐயா என்கிட்ட மொத்தம் எத்தனைன்னு கணக்கே சொன்னார்."

சந்தக்காவுக்கு டாக்டரம்மாவை அந்த நிமிஷமே பிடித்துப்போனது.

நோயாளிகள் மாலையில்தான் வருவார்கள் என்பதால் காலை முழுக்க அறை அவள் வசம் இருந்தது. முதலில் பழைய சந்து எது, அழுக்கு எது என்று பார்த்தாள். சுவரோரம் கிடந்த கனமான பெஞ்சின் காலை நகர்த்தினால் அடியில் இளம் சாம்பல். பெஞ்சுக்கு வெளியே, முப்பது வருஷம் செருப்பும் துடைப்பமும் சோப்புத் தண்ணீரும் பட்ட இடத்தில், அதே சாம்பலில் கொஞ்சம் மஞ்சள் ஏறி, தேநீர்க் கறை மாதிரி ஒரு நிழல். புதுச் சந்து அந்த நிழலோடுதான் சேர வேண்டும். பொடிகளை ஸ்பூனில் அளந்து கலந்து, மிச்ச டைல்ஸின் முதுகில் ஐந்து மாதிரிகள் பூசிக் காயவைத்தாள். ஈரத்தில் பார்க்கிற நிறத்தை நம்பினால் வேலை கெட்டது; காய்ந்தால் இரண்டு படி வெளுக்கும். இரண்டு நாள் கழித்து ஒவ்வொன்றிலும் ஒரு துண்டைப் பெயர்த்துப் பழைய சந்தின்மேல் வைத்துப் பார்த்ததில் நாலாவது மாதிரி தரையோடு கலந்து காணாமலே போனது. மேஸ்திரி அதைக் காலால் தடவித்தான் கண்டுபிடித்தார்.

நாலாவது மாதிரியின் கணக்கிலேயே கலவை போட்டு நாற்பத்தெட்டு டைல்ஸுக்கும் இழுத்தாள். மூன்றாம் நாள் காலையில் வந்து பார்த்தவளுக்கு முகம் தொங்கிவிட்டது. எல்லாம் சரியாக வந்திருக்க, நடுவில் ஏழே ஏழு சந்துகள் மட்டும் கறுத்துக் கிடந்தன. ஓரத்தில் வெள்ளையாக உப்பு வேறு பூத்திருந்தது.

"தண்ணி கூடிருக்கும்" என்றார் மேஸ்திரி.

"ஒரே சட்டியில குழைச்சதுங்க. ஏழு சந்துக்கு மட்டும் எப்படிக் கூடும்?"

"தரைக்கு அடியில ஈரம் இன்னும் காயாம இருக்கும்."

"குழாய் மாத்தி ஒன்றரை மாசம் ஆச்சு."

மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டார். அவள் அந்த ஏழையும் சுரண்டி எடுத்தாள். திரும்பவும் அளந்தாள், இந்த முறை ஸ்பூனின் தலையைக் கத்தியால் வழித்து, மருந்து அளக்கிற மாதிரி. திரும்பவும் அடைத்தாள். மூன்றாம் நாள் அதே ஏழும் அதே கறுப்பு.

சந்தக்கா மனசுக்குள் இன்னொரு கணக்கும் போட்டாள். போன மாதம் சட்டைப் பித்தான் தைக்க உட்கார்ந்தவள், ஊசியில் நூல் கோக்க முடியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டிருந்தாள். அன்றைக்கு அதைச் சிரித்துக் கடந்துவிட்டாள். இப்போது அது மண்டையைக் குடைந்தது. நிறம் பார்க்கிறவளுக்குக் கண்ணே மூலதனம். அது கழன்றுகொண்டால் அவள் யார்? பாக்கெட்டைப் பிரித்துத் தண்ணீர் விட்டுக் குழைக்கிற இன்னொரு ஆள்.

"விடு" என்றார் மேஸ்திரி, மூன்றாவது தடவை அடைத்ததும் கறுத்துப்போனதைப் பார்த்து. "ஏழு சந்துதானே. மேல ஒரு மேட் வாங்கிப் போடச் சொல்லிடலாம்."

"நீங்க பதிச்ச டைல்ஸ் ஏழு மேல தூக்கிக்கிட்டு நின்னா மேட் போட்டு மூடுவீங்களா?"

டைல்ஸ் மட்டம் மேஸ்திரியின் பலவீனம் என்று அவளுக்குத் தெரியும். ஒரு டைல் காகிதக் கனத்துக்கு உயர்ந்து நின்றாலும் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

அடுத்த நாள் அவர் வேறொரு வீட்டு வேலைக்குப் போய்விட, அவள் மட்டும் கிளினிக்குக்கு வந்தாள். ஜன்னலோரம் நின்று மாதிரி டைலைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அந்தக் கண்ணைத் திறந்து அடுத்த கண்ணை மூடிப் பார்த்தாள். அதே வேலையாக நாலைந்து தடவை செய்துகொண்டிருக்கையில் டாக்டரம்மா படியிறங்கி வந்துவிட்டார்.

"என்ன சந்தக்கா, தரைக்குக் கண்ணடிக்கிறீங்க?"

சிரித்துச் சமாளிக்கப் பார்த்தாள். முடியவில்லை. உதடு கோணிக்கொண்டது. ஊசி, நூல், பித்தான், மூன்று தடவை கறுத்தது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள். "எனக்குக் கலர் தெரியாம போச்சு போல டாக்டரம்மா. நான் பாக்குற சாம்பலும் தரையில இருக்குற சாம்பலும் வேறயோ என்னவோ."

டாக்டரம்மா உள்ளே போய் ஒரு நீளப் பட்டையோடு வந்தார். அதில் பதினாறு பொய்ப் பற்கள் வரிசையாகச் செருகியிருந்தன. பல் கட்டும்போது நோயாளியின் சொந்தப் பல்லுக்கு எந்த நிறம் பொருந்தும் என்று பார்ப்பதற்கான பட்டை அது. பற்களை ஒவ்வொன்றாக உருவி, காம்பில் இருந்த எண்களின் மேல் பிளாஸ்திரி ஒட்டி மறைத்து, பெஞ்சின்மேல் கலைத்துப் போட்டார்.

"பளிச்சுன்னு இருக்குறதுல ஆரம்பிச்சு, மங்கல்ல முடிங்க."

சந்தக்கா குனிந்தாள். முதலில் எல்லாம் ஒரே பல்லாகத் தெரிந்தது. அவள் உற்று உற்றுப் பார்ப்பதைக் கண்ட டாக்டரம்மா, தன் கழுத்திலிருந்த நீலத் துணியைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "முறைச்சுப் பாக்காதீங்க. நானும் அஞ்சு எண்ற வரைக்கும்தான் பாப்பேன். அப்புறம் இந்த நீலத்தைப் பாத்துட்டுத் திரும்ப. கண்ணு சீக்கிரம் அலுத்துப்போகும்."

"எனக்கு வானம்" என்றாள் சந்தக்கா. "ரெண்டு தடவை தரை, ஒரு தடவை வானம். வீட்டுக்காரர் நான் வேலை செய்யாம வேடிக்கை பாக்குறேன்னு நினைப்பார்."

பேசிக்கொண்டே கை நகர்ந்தது. ஒரு பல்லை எடுத்து வைத்தாள், இன்னொன்றை அதன் முன்னால் தள்ளினாள், நீலத்தைப் பார்த்தாள், இரண்டை இடம் மாற்றினாள். முடித்துவிட்டு, பரீட்சைத் தாளைக் கொடுத்த மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டாக்டரம்மா பிளாஸ்திரியை ஒவ்வொன்றாக உரித்து, அலமாரியில் இருந்த ஒரு அட்டையோடு ஒத்துப் பார்த்தார். கடைசிப் பல்லுக்கு வந்ததும் ஏறிட்டார்.

"பதினாறும் சரி. எனக்கே எட்டாவதும் ஒன்பதாவதும் எப்பவும் குழம்பும். ஊசி கோக்குறது கிட்டப் பார்வை சமாச்சாரம், நம்ம வயசுல எல்லாருக்கும் வர்றது. ஒரு கண்ணாடி போட்டா முடிஞ்சுது. உங்களுக்குக் கலர் பாக்குற கண்ணுல ஒரு குறையும் இல்ல."

சந்தக்கா பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாலு நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதும், அந்தக் காலி இடத்தில் ஒரு கேள்வி வந்து சம்மணம் போட்டது.

"அப்போ பொய் சொல்றது தரைதான்" என்றாள்.

அன்றிலிருந்து அவள் அடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்க்க ஆரம்பித்தாள். கறுத்த ஏழு சந்துகளின்மேலும் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தாள். ஒரு கண்ணாடித் தாளை வெட்டி, கறுத்த இடத்தில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினாள். நல்ல இடத்தில் இன்னொன்று ஒட்டினாள். மறுநாள் காலையில் கறுத்த இடத்துத் தாளின் உட்புறம் மூச்சு விட்ட கண்ணாடி மாதிரி பனி படிந்திருந்தது. நல்ல இடத்தில் ஒன்றுமில்லை. ஈரம் இருக்கிறது, அது உறுதி. ஆனால் எங்கிருந்து?

தினமும் காலையில் வேறு வேலைக்குப் போகிற வழியில் பத்து நிமிஷம் கிளினிக்குக்குள் நுழைந்து பார்ப்பது அவளுக்கு வழக்கமாயிற்று. மேஸ்திரி வண்டியில் உட்கார்ந்தபடியே ஹாரன் அடிப்பார். "ஏழு குழந்தையைப் பெத்து அங்க விட்டுட்டு வந்த மாதிரிப் பண்றா" என்று புலம்புவார். ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் உள்ளே போனவள் ஹாரனுக்கும் அசையாமல் நின்றாள். கறுத்த சந்துகள் ஓரளவு வெளுத்திருந்தன. செவ்வாய்க்கிழமை வந்து பார்த்தால் திரும்பவும் கறுப்பு. புதன், வியாழன் அதே கறுப்பு. அடுத்த திங்கட்கிழமை மறுபடி வெளுப்பு.

"டாக்டரம்மா, ஞாயித்துக்கிழமை நீங்க என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்ணுவேன், தூங்குவேன். கிளினிக் லீவு."

"அதான்! நீங்க தூங்குனா தரையும் காயுது. நல்ல தண்ணிக் குழாய் கசிஞ்சா அதுக்கு ஞாயிறும் திங்களும் ஒண்ணுதான். இது நீங்க வேலை பாத்தா மட்டும் வர்ற தண்ணி. கழுவி ஊத்துற தண்ணி."

டாக்டரம்மா புருவத்தை உயர்த்தினார். சிகிச்சை அறையில் கை கழுவும் தொட்டி ஒன்று சுவரோரம் இருந்தது. ஆனால் அதன் கழிவுக் குழாய் பின்பக்கம் போகிறது, முன்னறைக்குச் சம்பந்தமே இல்லை. "மாமாவைத்தான் முதல்லயே கேட்டோமே. அவர் நின்னு கட்டின கட்டடம். முன்ரூம் தரைக்கு அடியில ஒரு கழிவுக் குழாயும் கிடையாதுன்னு அடிச்சுச் சொன்னார். பிளம்பரும் அதை நம்பித்தான் ஆழமா தோண்டல."

மாமா என்றது டாக்டரம்மாவின் தாய்மாமாவை. கிளினிக்கை ஆரம்பித்தவர் அவர்தான். எழுபத்தாறு வயது, மாடியில் இருந்தார். எல்லாருக்கும் பெரிய டாக்டர்.

சந்தக்கா தரையில் முட்டி போட்டாள். சாக்பீஸ் புள்ளிகள் ஏழும் படிக்கட்டு மாதிரிக் குறுக்கே ஏறிப் போவது அவளுக்கு முன்பே தெரிந்ததுதான். ஒரு நூலை எடுத்து ஒரு முனையை டாக்டரம்மா கையில் கொடுத்து, சிகிச்சை அறைச் சுவரோரம் பிடிக்கச் சொன்னாள். நூலைப் புள்ளிகளின் மேலாக இழுத்துக்கொண்டு, மேஸ்திரி பதித்த இடத்தைத் தாண்டி, பழைய தரைமேல் தவழ்ந்தாள். நூல் ஜன்னலடியில் பத்திரிகைகள் அடுக்கியிருந்த மர அலமாரிக்குக் கீழே போய் நின்றது.

இருவருமாக அலமாரியை நகர்த்தினார்கள். கீழே நாலு டைல்ஸைச் சுற்றிய சந்து மட்டும் வேறு நிறத்தில் இருந்தது. சாம்பலும் இல்லை, மஞ்சளும் இல்லை. வெளிறிய ரோஜா நிறம்.

சந்தக்காவின் கண் விரிந்துவிட்டது. பத்தொன்பது வருஷத்தில் அவள் பார்க்காத நிறம் இல்லை என்று நினைத்திருந்தாள். செங்கல் பொடி போட்டால் சிவப்புத் தூக்கலாக இருக்கும். சாயப்பொடி போட்டிருந்தால் இப்படி ஒரே சீராக வெளுக்காது. நகத்தால் கீறினாள். மாவு மாதிரி உதிர்ந்தது. சிமெண்ட் உதிராது. விரலில் எடுத்துத் தேய்த்தாள், முகர்ந்தாள், நாக்கில் வைக்கப் போனவளை டாக்டரம்மா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இருங்க, இருங்க. இங்க காட்டுங்க."

டாக்டரம்மா அந்தப் பொடியைக் கட்டைவிரலால் இரண்டு தடவை உருட்டினார். அவர் முகத்தில் முதலில் சந்தேகம், பிறகு திகைப்பு, பிறகு அடக்க முடியாத சிரிப்பு. உள்ளே ஓடிப் போய் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து திறந்தார். ரோஜா நிற மாவு.

"இது நாங்க பல் அச்சு எடுக்குற மாவு சந்தக்கா! வாய்க்கு அளவெடுத்து, பல் வரிசையை வார்க்குறதுக்கு வச்சிருக்குறது. இதை எந்த மேஸ்திரி தரையில அப்புவான்?"

"எந்த மேஸ்திரியும் அப்ப மாட்டாங்க" என்றாள் சந்தக்கா. இருவரும் ஒரே நேரத்தில் மாடிப்படியைப் பார்த்தார்கள்.

பெரிய டாக்டர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிதானமாக இறங்கி வந்தார். அலமாரி நகர்ந்து கிடப்பதைக் கண்டதும் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார்.

"இதை ஏன் நகர்த்துனீங்க?"

"மாமா, இந்த நாலு டைல்ஸுக்கு அடியில என்ன இருக்கு?"

"மண்ணு இருக்கும். வேற என்ன இருக்கும்?"

"இது அச்சு மாவு மாமா."

"அந்தக் காலத்து மேஸ்திரிங்க எதையெதையோ கலப்பாங்க பாப்பா."

சந்தக்கா தரையிலிருந்தபடியே பணிவாகக் கேட்டாள். "அந்த மேஸ்திரி பல்லும் கட்டுவாருங்களா ஐயா?"

பெரிய டாக்டர் அவளைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், ரோஜா நிறச் சந்தைப் பார்த்தார். தப்பிக்க வழியில்லை என்று தெரிந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். முதல் தடவை பல் பிடுங்க வந்தவர் மாதிரி இருந்தது அந்த உட்கார்வு.

"ஆரம்பத்துல என் நாற்காலி இங்கதான் இருந்துச்சு" என்றார். "ஜன்னல் வெளிச்சம் நல்லா விழும்னு போட்டேன். வாய் கொப்பளிச்சுத் துப்புறதுக்குப் பக்கத்துலயே ஒரு தொட்டி, அதுக்கு ஒரு குழாய். வெளிச்சம் எனக்கு மட்டும் நல்லா இல்ல, தெருவுல போறவனுக்கும் நல்லா தெரிஞ்சுது. நான் குறடோட ஒருத்தன் வாய்க்குள்ள நிக்கிறதைப் பாத்துட்டு, கேட்டு வரைக்கும் வந்தவன் எல்லாம் அப்படியே திரும்பிப் போயிட்டான். மூணு வருஷம் பொறுத்தேன். நாற்காலியை உள்ள கொண்டுபோனேன். உள்ள இருக்குற கை கழுவுற தொட்டியில இருந்தும் அந்தக் குழாய்க்கு ஒரு கிளை வந்து சேர்ந்துச்சு. பின்பக்கம் புதுசா வழி பண்ணினேன். பழையதை அடைக்கணும். மேஸ்திரி ஞாயித்துக்கிழமை வர்றேன்னான். வரல. மறுவாரமும் வரல. தரையில ஓட்டையோட எத்தனை நாள் இருக்குறது? நானே ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, ரப்பர் கையுறையைச் சுத்தி, குழாய்க்குள்ள அடிச்சேன். நாலு டைல்ஸை ஒட்டினேன். சிமெண்ட் இல்ல. கையில இருந்த மாவைக் குழைச்சுப் போட்டேன்."

"இதை மறைக்கிறதுக்கு என்ன மாமா இருக்கு?"

"உங்க அத்தை பாத்துட்டு, இவ்வளவு நேர்த்தியா வேலை பாத்த மேஸ்திரி யாருன்னு கேட்டா. சமையலறைக்கும் அவனையே கூப்பிடணும்னு ஒத்தைக் கால்ல நின்னா. நான்தான்னு சொன்னா நம்பவும் மாட்டா, நம்பினா சமையலறையை என் தலையில கட்டிருவா. அந்த மேஸ்திரி ஊரைவிட்டே போயிட்டான்னு சொல்லிட்டேன். சொன்னதைச் சொன்னபடியே காப்பாத்தி, காப்பாத்தி, எனக்கே குழாய் இல்லன்னு ஆகிப்போச்சு."

டாக்டரம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சந்தக்காவுக்கும் சிரிப்பு வந்தது. பெரியவர் முன்னால் முந்தானையை வாயில் வைத்து அடக்கினாள். வெளியே ஹாரன் விடாமல் அடித்தது. அவள் எழுந்து போய் மேஸ்திரியைக் கையோடு இழுத்து வந்தாள்.

மேஸ்திரி நாலு டைல்ஸையும் கை வைத்துத் தடவினார். உளி எடுத்து ஓரத்தில் நெம்புமுன், ரசமட்டத்தை மேலே வைத்துப் பார்த்தார். குமிழி நடுவில் நின்றது. "கல் நாலும் மட்டமா இருக்குங்க ஐயா" என்றார். "முப்பது வருஷத்துல ஒரு நூல் இறங்கல." அவர் யாரையும் அப்படிப் புகழ்ந்து சந்தக்கா கேட்டதில்லை. பெரிய டாக்டரின் முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது.

தோண்டினால், ஒரு முழம் ஆழத்தில் இரும்புக் குழாயின் வாய். கட்டை உளுத்து, கறுத்த நார் மாதிரிக் கையோடு வந்தது. ரப்பர் கையுறையின் இரண்டு விரல்கள் மட்டும் மிச்சம் இருந்தன. பிளம்பரை வரவழைத்தார்கள். பின்பக்கம் வழி பண்ணியபோதே கிளைக்குழாயை அறுத்துவிட்டதாகப் பெரிய டாக்டர் நினைத்திருந்த இடத்தில் அது இன்னும் சேர்ந்தே இருந்தது. பின்பக்க வழி லேசாக அடைத்துக்கொண்டதும் தொட்டித் தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பி, துருப்பிடித்த குழாயின் வழியெல்லாம் கசிந்திருக்கிறது. பிளம்பர் சிகிச்சை அறைச் சுவரோரமே அந்தக் கிளையை வெட்டி மூடினார், பின்பக்க வழியைச் சுத்தம் செய்தார். நடைபாதைச் சுவரில் ஏறிய ஈரத்துக்கும் முக்கியக் காரணம் அதுதான் என்று தெரிந்ததும், பெரிய டாக்டர் இரண்டு நாள் கீழே இறங்கவில்லை. டாக்டரம்மாதான் மேலே போய், "உங்களால நம்ம கிளினிக்குக்குப் புதுக் கதை ஒண்ணு கிடைச்சுது, இறங்கி வந்து நீங்களே சொல்லுங்க" என்று கூட்டிவந்தார். அதன்பிறகு பயந்துபோய் உட்கார்ந்திருக்கும் நோயாளிகளுக்கு அவர் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போனவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது.

தரை காய நாலு வாரம் பிடித்தது. சந்தக்கா கண்ணாடித் தாளை ஒட்டி ஒட்டிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை காலையில்கூடத் தாளில் பனி இல்லை என்று ஆன பிறகுதான் மூட்டையைத் திறந்தாள். இப்போது ஏழு சந்தோடு ஜன்னலடி நாலு டைல்ஸும் சேர்ந்துகொண்டன. அங்கே எந்த நிறம் போடுவது என்று ஒரு விவாதம் நடந்தது. டாக்டரம்மாவுக்கு அந்த ரோஜா நிறத்தை விட மனமில்லை.

"சிவப்பு ஒரு சிட்டிகை போட்டா அதே மாதிரி கொண்டுவந்துருவேன்" என்றாள் சந்தக்கா. அந்த நிறத்தைப் பிடித்துப் பார்க்க அவளுக்கே கை துறுதுறுத்தது.

"வேண்டவே வேண்டாம்" என்றார் பெரிய டாக்டர். "கதை சொல்றது வேற. அதைத் தினமும் மிதிச்சுக்கிட்டுப் போறது வேற."

அவர் சொன்னபடியே முடிவாயிற்று. ஆனாலும் சந்தக்கா ஒரு மிச்ச டைலின் முதுகில் ரோஜா நிறத்தைக் கலந்து பூசி, டாக்டரம்மாவிடம் கொடுத்தாள். டாக்டரம்மா அதைத் தன் மேஜையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்துக்கொண்டார்.

பழைய கணக்கையே போட்டாள் சந்தக்கா. அதே நாலாவது மாதிரி. ஆனால் ஜன்னலடியில் அலமாரி மறைத்த இடம் என்பதால் தரையின் சந்து அங்கே இளசாக இருந்தது. அங்கிருந்து நடு அறை வரை வர வர மஞ்சள் ஏற வேண்டும். மூன்று சட்டிகளில் மூன்று விதமாகக் குழைத்து, ஒன்று முடியும் இடத்தில் அடுத்ததை விரலால் கலந்து இழுத்தாள். இரண்டு தடவை தரை, ஒரு தடவை ஜன்னலுக்கு வெளியே வானம். மேஸ்திரி சுவரில் சாய்ந்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வேடிக்கை பார்க்கவில்லை என்று டாக்டரம்மா அவருக்குச் சொல்லியிருந்தார் போல. ஒரு தடவையும் ஹாரன் ஞாபகமே அவருக்கு வரவில்லை.

நாலாம் நாள் காலையில் எல்லாரும் கூடினார்கள். அலமாரியை வேண்டுமென்றே இடம் மாற்றி வைத்திருந்தார் டாக்டரம்மா.

"தள்ளுங்க, நான் கண்டுபிடிக்கிறேன்" என்று பெரிய டாக்டர் முன்னால் வந்தார். முப்பது வருஷம் பொத்திப் பொத்தி வைத்த இடம், அவருக்குத் தெரியாதா? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, நாலைந்து அடி அப்படியும் இப்படியும் நடந்து, நம்பிக்கையோடு ஒரு சந்தைக் கைத்தடியால் தொட்டார். "இது புதுசு."

"அது பழசுங்க ஐயா. யாரும் தொடாதது."

"அப்போ இது."

"அதுவும் பழசுதாங்க."

அவர் விடவில்லை. "எங்கதான் போட்டே? காட்டும்மா."

சந்தக்கா சிரித்துக்கொண்டே காட்டக் கை நீட்டினாள். நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. ஜன்னலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். ஜன்னலுக்கு நேர் கீழே மூன்றாவது வரிசையா, நாலாவதா? முட்டி போட்டு, முகத்தைத் தரைக்குக் கிட்டே கொண்டுபோய், சாய்த்துப் பார்த்தாள். பிறகு சுவரிலிருந்து விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணத் தொடங்கினாள்.

"என்ன, உனக்கே தெரியலையா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"சும்மா இருங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்ல" என்றாள் சந்தக்கா. அவள் முகம் முழுக்கச் சிரிப்பாக இருந்தது. பெரிய டாக்டரும் கைத்தடியை ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு, மெல்ல அவள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார்.